எண்ணிக்கையில் வராத படம்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மனைவி. நர்சம்மா. ஆஸ்பத்திரி ஜீப் டிரைவர். வெளியே மழை, வேறு யாரும் வரவில்லை. மேஜை மேல் நர்சம்மாவின் பிஸ்கட் டப்பா. சதுரத் தகர டப்பா, மூடியில் துரு. அதற்குள் இருந்த படங்களை ஒவ்வொரு கட்டாக எடுத்து வைத்தார். பன்னிரண்டு பன்னிரண்டாக ரப்பர் பேண்டு போட்டிருந்தார். கடைசிக் கட்டில் மட்டும் ஆறு. நான் எண்ண எண்ண அவரும் உதட்டை அசைத்து எண்ணினார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் மெல்ல ஓர் எண் போட்டேன். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும். நூற்று முப்பத்தெட்டு. நோட்டில் எழுதி, கையெழுத்துக் கேட்டேன். "இன்னாப்பா, ஊசி போடறதுக்குக் கூட நான் யார்கிட்டயும் கையெழுத்து வாங்குனதில்ல" என்றார். ஆனாலும் போட்டார்.

எங்கள் புதூர்நாட்டு மலையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. கீழே அடிவாரத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் கிராம நர்சாக மலை ஏறி வந்தவர், ரிட்டயர் ஆகும்வரை இறங்கவில்லை. பிரசவம் பார்த்த வீட்டில் தாயையும் பிள்ளையையும் வைத்து ஒரு படம் எடுப்பார். அது அவர் பழக்கம். கழுவிய படத்தின் பின்னால் தாயின் பெயர், ஊர், பிள்ளையின் எடை மூன்றையும் பேனாவால் எழுதுவார். ஒரு படம் வீட்டுக்கு, ஒரு படம் டப்பாவுக்கு. எல்லாப் பிரசவத்துக்கும் காமிரா கையில் இருக்காது. இருந்தவரைக்கும் சேர்ந்தவை அவை. ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். இந்தப் படங்களைத் திரையில் வரிசையாகப் பாட்டோடு காட்ட வேண்டும் என்று வேலை என்னிடம் வந்தது. நான் ஐந்தாவது படித்தவன். போட்டோ, லேமினேஷன், ஜெராக்ஸ் என் தொழில். ஸ்லைடு ஷோ செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தப்பு செய்து கற்றது அதைவிட அதிகம்.

எண்ணும் பழக்கம் ஒரு தப்பில்தான் வந்தது. கீழே ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பென்டிரைவில் கொடுத்த படங்களை எண்ணாமல் வாங்கினேன், முழுக்கப் பார்க்காமல் பாட்டைச் சேர்த்தேன். பந்தி நடக்கும்போது திரையில் மாப்பிள்ளை வேறு ஒரு பெண்ணோடு தோளில் கைபோட்டு நின்றார். யாரோ வேண்டுமென்றே சொருகிய படம். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அடி மட்டும் எனக்கு விழுந்தது. அன்றிலிருந்து படம் கொடுக்கிற எவரையும் நான் நம்புவதில்லை. முகம் சிரிக்கும், கை வேறு எதையாவது செய்யும். கொடுத்தவர் எதிரில் எண்ணுகிறேன். அசலைத் தனியாக வைத்து நகலில் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டரில் படத்துக்கு 001, 002 என்று எண் போடுகிறேன். வெறும் 1, 2 என்று போட்டால் பத்தாவது படம் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். பாட்டைக் கடைசிவரை கேட்கிறேன். பல்லவி மட்டும் கேட்டுவிட்டுச் சேர்க்கிறவன் மாட்டிக்கொள்வான், இரண்டாவது சரணத்தில் யாராவது செத்துப்போவார்கள். நர்சம்மாவுக்காகப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் புல்லாங்குழல் ஊதச் சொல்லி, அவர் சம்மதம் வாங்கிக்கொண்டே பதிந்தேன். அடுத்தவன் பாட்டைக் கேட்காமல் எடுப்பதில்லை. சொல் இல்லாத பாட்டில் வம்பும் இல்லை.

ஸ்கேன் செய்தது என் மனைவி. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவாள், வளையல் படத்தைக் கீறும். ஓரத்தைப் பிடித்து எடுப்பாள், ஓரத்தைப் பிடித்து வைப்பாள். மூன்றாம் நாள் மதியம் வேலை முடிந்தது. நான் கம்ப்யூட்டரில் பார்த்தேன். நூற்று முப்பத்தொன்பது. ஒரே படத்தை இரண்டு முறை வைத்திருப்பாள் என்று நினைத்து முதலிலிருந்து பார்த்தேன். இரண்டாக எதுவும் இல்லை. டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். அதிலும் நூற்று முப்பத்தொன்பது. ஒரு படத்தின் பின்னால் மட்டும் என் பென்சில் எண் இல்லை. தாயின் பெயர் இருந்தது, மேலூர் என்று ஊர் இருந்தது. எடை இல்லை. திருப்பிப் பார்த்தேன். கட்டிலில் ஒரு பெண் சாய்ந்திருக்கிறாள். மடியில் துணி சுற்றிய பிள்ளை. அவள் காமிராவைப் பார்க்கவில்லை.

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "இந்தப் புள்ள தூங்கலங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

விழாவுக்கு மேலூர்க்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அந்தப் பெண்ணும் வருவாள். செத்த பிள்ளையைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, குழல் பாட்டோடு அவள் எதிரில் காட்டியிருப்பேன். ஊர் என்னை விட்டாலும் அவள் விடமாட்டாள். நர்சம்மாவின் இத்தனை வருட வேலையும் அந்த ஒரு படத்தில் போயிருக்கும். யாரோ அதைத்தான் நினைத்துச் சொருகியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். யார் என்பதுதான் பாக்கி.

முதலில் மனைவியைக் கேட்டேன். "ஆமா, மூணு வேளை சோறாக்கி, உன் படத்தையும் ஸ்கேன் பண்ணி, நடுவுல ஊர் வூட்டுப் படத்தயும் திருடியாந்து சொருகறேன். எனக்கு வேற வேலையே இல்ல பாரு" என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. மறந்துபோய் இப்படி ஆகாது.

அடுத்தது டிரைவர். இரண்டாம் நாள் தடுப்பூசிப் படிவம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், கரண்ட் போனதால் அரைமணி நேரம் கடையில் உட்கார்ந்திருந்தார். நான் டீ வாங்கப் போயிருந்தேன். டப்பா மேஜை மேல் இருந்தது. மேலூரில் ஒரு பிரசவத்துக்கு ஜீப் நேரத்துக்கு வரவில்லை, பிள்ளை போய்விட்டது என்று எப்போதோ காதில் விழுந்த பேச்சும் நினைவுக்கு வந்தது. பழியை நர்சம்மா மேல் தள்ள நினைக்கிறவர் இப்படிச் செய்யலாம். ஆஸ்பத்திரிக்குப் போய், ஜீப் கழுவிக்கொண்டிருந்தவரிடம் சுற்றி வளைத்துப் பேச்சுக் கொடுத்தேன். மேலூர் ரோடு முன்பு எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் துணியைப் பிழிந்தார்.

"இன்னா ஸ்டுடியோக்காரரே, ரோட்டு மேல திடீர்னு இவ்ளோ ஆசை?"

படத்தைக் காட்டினேன். பார்த்தார். முகம் மாறியது.

"நான் வேலைக்கு வந்தே ஆறு வருஷந்தான் ஆவுது. இது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுன்னு ஆஸ்பத்திரில சொல்லுவாங்க. அப்ப நான் லாரில கிளீனர். என்னைச் சந்தேகப்பட்டு வந்தியா நீ?"

"கேட்கணும்ல."

"கேளு. நாளைக்கு உன் பொண்டாட்டியயும் கேளு."

அவளை முதலிலேயே கேட்டாகிவிட்டது என்று சொல்லவில்லை.

மிச்சம் ஒருவர்தான். அவரை நான் சந்தேகப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. டப்பா அவருடையது, விழா அவருக்கு. இன்று யோசித்தால் அதுதான் என் தப்பு. கொடுப்பவர்களை நம்புவதில்லை என்று சொல்லிக்கொண்டு, அவர் ஒருவரை மட்டும் நம்பிவிட்டேன். துணைச் சுகாதார நிலையத்தில் அவர் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். படத்தை மேஜை மேல் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான்தான் வெச்சேன். நீ நோட்டுல எழுதறப்ப."

"எண்ணும்போதே கொடுத்திருக்கலாம்மா."

"குடுத்தா நீ இன்னான்னு கேப்பே. டிரைவரு பக்கத்துல நிக்கறான், உன் வூட்டம்மா நிக்கறா. அத்தினி பேரு முன்னாடி எனக்கு வாய் வராது."

பிறகு அவராகவே சொன்னார். அவர் எடுக்க நினைத்த படம் இல்லையாம். பிள்ளைக்கு மூச்சு இல்லை என்று தெரிந்தபின் அந்தப் பெண்ணின் மாமியார், ஒரு படமாவது எடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். எடுத்தார். கழுவி வாங்கினார். அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கக் கால் வரவில்லை. மேலூருக்குப் போவார், ஊசி போடுவார், அந்த வீட்டு வாசலை மட்டும் சுற்றிக்கொண்டு போவார். மாமியாரும் செத்துப்போனார். "நல்லா பொறந்ததை மட்டும் காட்டிட்டு, மாலை வாங்கிட்டு இறங்கினா நான் பொய் சொல்லிட்டுப் போற மாதிரி இருக்குதுப்பா. இதுவும் என் கையில பொறந்ததுதான்."

ஜீப் தாமதமா, அவர் தாமதமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒவ்வொரு வாயிலும் வேறு பதில் வரும். ஒன்று மட்டும் சொன்னேன். படத்தில் இருக்கிறவர் சம்மதிக்காமல் போடமாட்டேன். "அப்ப நீயே போய்க் கேளு" என்றார். என் தலையில் கட்டுகிறார் என்று புரிந்தது. போனேன்.

மேலூரில் அந்தப் பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வயது முப்பதுக்கு மேல் இருக்கும். ஆஸ்பத்திரி நர்சம்மா விழாவுக்குப் படம் போடுகிறவன் என்றேன். முறத்தை நிறுத்தாமலே கேட்டாள்.

"அதுக்கு எங்க வூட்டுக்கு ஏண்ணா வர்றே? யாரு அனுப்புனது?"

சுற்றி வளைக்கத் தெரிந்திருந்தும் அவளிடம் முடியவில்லை. படத்தை எடுத்துக் கொடுத்தேன். முறம் நின்றது. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"படம் இருந்துச்சா?"

"இருந்தது."

"இவ்ளோ வருஷமா வெச்சிருந்தாளா அவ? வந்து வந்து போனாளே, ஒரு நாள் காட்டுனாளா?"

பயம் என்றேன். "அவளுக்கு இன்னா பயம், எனக்கில்ல இருக்கணும்" என்றாள். படம் எடுத்தது மாமியார் சொல்லித்தான் தெரியுமாம்; மடியில் வைத்தபோதும் புதைத்தபோதும் அவளுக்கு நினைவே இல்லையாம். முகம் பார்த்ததில்லை என்றாள். படத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தவரிடம் தவிர யாரிடமும் படத்தைத் திருப்பித் தருவதில்லை என்பது என் வழக்கம். அன்றைக்கு அது சரிதானா என்று இன்றும் தெரியவில்லை.

"எவ்ளோ பெருசா வரும்?"

"சுவர் அளவு."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு படம் அஞ்சு செகண்டு."

"அவ்ளோதானா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "பாட்டு வேணாம்" என்றாள். போடச் சொல்கிறாளா என்று கேட்டேன். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். "பாட்டு வேணாம்னு சொன்னேன்ல" என்றாள். விழாவுக்கு வருவாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

கடைக்கு வந்து வேலையைப் பிரித்துப் போட்டேன். படத்தை அந்த வருடத்துப் படங்களுக்கு நடுவில் வைத்தேன். குழலை அதற்கு முன் ஒரு மூச்சு முடிகிற இடத்தில் மெல்ல இறக்கினேன். நடுவில் வெட்டினால் ஸ்பீக்கர் கெட்டுப்போனது போல இருக்கும். ஐந்து செகண்டு மௌனம். பிறகு அடுத்த மூச்சிலிருந்து மெல்ல ஏற்றினேன். விழாவுக்கு இரண்டு நாள் முன் நர்சம்மாவை உட்காரவைத்து முதலிலிருந்து கடைசிவரை காட்டினேன். அந்த இடம் வந்தபோது அவர் தரையைப் பார்த்தார். எடுக்கட்டுமா என்றேன். "இருக்கட்டும்" என்றார். இரண்டு பென்டிரைவில் ஏற்றினேன்.

இன்று அவர் கீழே தங்கை வீட்டில் இருக்கிறார். எப்போதாவது போனில் பேசுவார், கால் வலி பற்றி. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. நான் எண்ணுவேன் என்று அவருக்குத் தெரியும். ஒன்று கூடினால் விடமாட்டேன், தேடிக்கொண்டு மேலூர்வரை போவேன் என்றும் தெரியும். தன்னால் ஏற முடியாத வாசலில் என்னை ஏற்ற அந்தப் படத்தைச் சொருகினாரோ. கேட்டால் சிரிப்பார். அதனால் கேட்கவில்லை.

விழா மதியம் நடந்தது. பள்ளிக்கூட ஜன்னல்களில் கோணி கட்டி இருட்டாக்கினோம். இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துச் சுவரில் கட்டியிருந்தோம். படம் வர வர ஜனம் பெயர் சொல்லிக் கத்தியது. "டேய், உங்கம்மாவப் பார்றா, எவ்ளோ ஒல்லி!" "இந்தப் புள்ளதானா இப்ப டிராக்டர் ஓட்டுது!" நர்சம்மா முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். மேலூர்ப் பெண் வந்தது எனக்குத் தெரியாது. பின்கதவில் வெளிச்சம் விழுந்தபோதுதான் பார்த்தேன்.

குழல் இறங்கியது. படம் வந்தது. "சவுண்டு போச்சுப்பா" என்று ஒருவர் குரல் கொடுத்தார். "சொம்மா இரு" என்றார் டிரைவர். அந்தப் பெண் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் நடந்து திரையிடம் போனாள். அவள் நிழல் பிள்ளை மேல் விழுந்தது. அதைப் பார்த்து ஓரமாக நகர்ந்து நின்றாள். முகத்தை வேட்டியிடம் கொண்டுபோய்ப் பார்த்தாள். என் கை தானாகப் போய்ப் படத்தை நிறுத்தியது. நர்சம்மா எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் போய், திரையின் இந்தப் பக்க ஓரத்தில் நின்றார். யாரும் இருமக்கூட இல்லை. கடைசியில் அந்தப் பெண்தான் கையை நீட்டினாள். நர்சம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அவள் என் பக்கம் திரும்பித் தலையசைத்த பிறகுதான் ஓடவிட்டேன். எந்தப் படம் எவ்வளவு நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதிவைப்பேன். லேப்டாப் மூலையில் மணி பார்த்து அதையும் எழுதினேன்.

நான்கு நிமிடம்.