பேஸ்லைனுக்குக் கீழே இறங்கிய ண

1. சட்டைப்பை ரூலர்

கஸ்டமர் சட்டைப்பையில் பேனா இருந்தால் பயமில்லை. ஸ்டீல் ரூலர் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேச உட்காருங்கள். சிங்கப்பூர் ஜூரோங்கில் இருக்கும் எங்கள் போர்டுப் பட்டறைக்கு ஹமீது பாய் வந்த அன்று எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

பாய் துவாஸ் ஷிப்யார்டில் வெல்டிங்கைச் சரிபார்க்கும் க்யூசி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிராங்கூன் சாலைப் பக்கம் ‘பட்டணம் பிரியாணி’ என்று கடை திறக்கப்போகிறார். அந்தப் போர்டுக்கு நானே வரைந்த ஃபான்ட்டைப் போட்டிருந்தேன். பல வருடமாக யார் யாரோ வரைந்த எழுத்தை வெட்டிக்கொண்டிருந்த எனக்கு, சொந்த எழுத்து தெருவில் ஏறப்போகிற முதல் போர்டு அது. சந்தோஷத்தில் பசியே எடுக்கவில்லை.

அசல் அளவில் பிரிண்ட் போட்டு மேசையில் விரித்தேன். பாய் குனிந்தார். ரூலர் வெளியே வந்தது.

“ஏம்மா, இந்த ண ஏன் கீழ இறங்கியிருக்கு? ப, ட எல்லாம் கோட்டுல நிக்குது. இது மட்டும் மூணு மில்லி கீழ.”

“வேணும்னுதான் பாய் இறக்கியிருக்கேன். வளைஞ்ச எழுத்த சரியா கோட்டுல நிறுத்தினா, கண்ணுக்கு மேல தூக்கின மாதிரி தெரியும்.”

“கண்ண நம்பி வெல்டிங் பாஸ் பண்ணா கப்பல் மிதக்குமா?”

முதலாளி சேகர் இடையில் புகுந்தார். “மேகலா, லெவல் பண்ணிக் குடு லா. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் கடை திறப்பு. முடியாதுன்னா சொல்லு, கம்ப்யூட்டர்ல இருக்கிற வேற ஃபான்ட் போட்டுடறேன்.”

2. ஸ்க்ரீன் மேல் ரூலர்

ஃபான்ட் எடிட்டரில் திறந்தால் எழுத்து வெறும் புள்ளிகளாகிவிடும். அவற்றை நோட் என்போம். ஒவ்வொரு வளைவு நோட்டிலும் பூனை மீசை மாதிரி இரண்டு ஹேண்டில். இழுத்தால் வளைவு வளையும். எழுத்துகள் நிற்கும் கோடு பேஸ்லைன். ‘ப’வின் அடி முழுக்க அதில் சப்பணமிட்டு உட்காருகிறது. ‘ண’வின் வளைவோ ஒரே ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. மிச்சமெல்லாம் மேலே போய்விடுவதால் கண் அதைக் குட்டை என்று நினைத்துக்கொள்கிறது. அதனால் வளைவைக் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இறங்க விடுவோம். அதற்கு ஓவர்ஷூட் என்று பெயர்.

இதையெல்லாம் பாய்க்குப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் ஸ்க்ரீன் மேலேயே ரூலரை வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் குறும்பும் கூடவே வரும். குட்டியாக ஒரு கம்ப்யூட்டர் ஸ்க்ரிப்ட் எழுதி, எல்லா எழுத்தையும் பேஸ்லைனில் தட்டி உட்கார வைத்து, இன்னொரு பிரிண்ட் எடுத்தேன். மறுநாள் இரண்டையும் சுருட்டிக்கொண்டு சேகரோடு பாயின் கடைக்குப் போனேன்.

3. எதிர்ச் சாரி

மூடியிருந்த ஷட்டரில் இரண்டையும் மேலும் கீழுமாக ஒட்டினேன். பாயை எதிர்ச் சாரி கோப்பிக்கடைக்கு அழைத்துப்போய்த் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன்.

“பாய், ஒண்ணு நேத்து நீங்க பார்த்தது. இன்னொண்ணு உங்க ரூலர் சொன்னபடி லெவல் பண்ணது. எது லெவல்னு சொல்லுங்க, அதையே வெட்டிடறேன்.”

பாய் யோசிக்கவே இல்லை. “மேல இருக்கிறதுதான். கோடு போட்ட மாதிரி நிக்குது. கீழ இருக்கிறதுல ண அந்தரத்துல தொங்குது பாரு. நேத்தே சொன்னேன்ல?”

மேலே இருந்தது என்னுடையது. சேகர் டீ கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“நீங்க சொன்னா சரிதான் பாய்” என்றேன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

அதோடு முடிந்திருக்க வேண்டும். பாய் எழுந்து சாலையைக் கடந்தார், ரூலரோடு. நான் பின்னாலேயே ஓடினேன்.

மேலே அளந்தார். கீழே அளந்தார். மறுபடி மேலே; அங்கேதான் ண மூன்று மில்லி கீழே. ரூலரைத் திருப்பி அதன் முதுகைக் கூடப் பார்த்தார். ஷிப்யார்டில் எத்தனை வெல்டர்கள் இப்படி நின்று தவித்தார்களோ!

“தாள் தொங்கியிருக்கும்மா” என்றார் கடைசியில். “இந்த ஊர் ஈரம் அப்படி. பரவால்ல, மேல இருக்கிறதையே வெட்டு.”

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. “ஆமா பாய், ஈரம் ஜாஸ்திதான்” என்றேன்.

4. பாய் அனுப்பிய ஆள்

வெள்ளிக்கிழமை போர்டு ஏறியது. கீழே நின்று பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே வெங்காயம் நறுக்குகிறார்கள் என்று சேகரிடம் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து, பாய் கடைக்குப் பக்கத்துத் தையற்கடைக்காரர் பட்டறைக்கு வந்தார்.

“பாய் அனுப்பினாங்க மேடம். என் போர்டுல எழுத்து ஏறி இறங்கிக் கிடக்காம். உங்ககிட்டப் போகச் சொன்னாங்க.”

“வேற என்ன சொன்னாங்க?”

“ரூலர் மட்டும் எடுத்துட்டுப் போகாதேன்னாங்க.” கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பைத் தொட்டுக் காட்டினார். “இது பரவால்லையா?”

இந்த வேலைக்கு வருகிறவர்களே, கஸ்டமரிடம் வாதாடாதீர்கள். எதிர்ச் சாரிக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுங்கள். அதற்கு முன் டேப்பை வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். நான் பூட்டினேன்.