சுடாமல் சுட்ட விளக்கு: கோபியிலிருந்து கோயமுத்தூருக்கு

என் மனைவியின் கையில் என்ன பூசியிருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகும், அதைக் காதில் வாங்காமல் மின்விளக்கின் கீழ் வைத்துப் பொசுக்கிவிட்டார்கள். ஒளி வைத்தியத்துக்காகக் கோயமுத்தூர் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் புறப்படட்டும்.

அவளுக்கு வலது புறங்கையில் வெண்படை. அது ஒட்டுகிற நோயல்ல. ஆனாலும் எங்கள் மகனுக்குப் பெண் கொடுக்கும் சம்பந்தியம்மா, "கல்யாணத்தன்னைக்கு நீங்க சும்மா உக்காந்திருங்கக்கா, பந்திக்கு வேற ஆளு பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் போனார். கல்யாணம் தை மாதம். மகன் கல்யாணத்தில் ஒரு கரண்டி சோறு தன் கையால் போட வேண்டும் என்ற ஆசைதான் கார்த்திகைக் கடைசியில் அவளைப் பஸ் ஏற்றியது.

கோபிசெட்டிபாளையத்தில் காலை ஆறு மணிக்கு மோட்டார் பஸ். அவினாசி வழியாக ஏறக்குறைய ஐம்பது மைல், ஆளுக்கு ஒரு ரூபாய். இடப்பக்கம் உட்கார்ந்தால் வழியெல்லாம் வெயில் விழும். மற்றவர்கள் வலப்பக்கம் இடம் பிடியுங்கள். நாங்கள் வேண்டுமென்றே இடப்பக்கம் உட்கார்ந்தோம். கார்போகரிசி விதையை அரைத்துப் பூசி, இளவெயிலில் சற்று நேரம் காட்டிவிட்டுத் துணியால் மூடிக்கொள்வது அவள் வழக்கம். அன்றும் பூசியிருந்தாள். அந்தப் பூச்சு பட்ட தோல் வெயிலை அதிகமாக வாங்கும்.

வைத்தியசாலை பெரியகடை வீதிக்குப் பின்னால், ஒரு மாடியில். நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் ஊருக்குள் வந்தபின் முளைத்தது. பூச்சைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன்.

"நாட்டு மருந்துக் கதையெல்லாம் இங்க எதுக்குங்க பெரியவரே? இது சூரியனையே பொட்டியில அடைச்சு வெச்சது."

விளக்கைப் போடுகிறவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். அவளுக்குக் கொடுக்கவில்லை, முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். நீல வெளிச்சம். "சுடுதா?" என்றேன். "சூடே இல்லீங்க. இதுக்கா இத்தன தூரம் வந்தோம்?" என்றாள்.

மறுமுறை விளக்குக்கு மூன்றாம் நாள் வரச் சொல்லியிருந்ததால் உக்கடம் பக்கம் ஒரு சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் கை சிவந்து அரித்தது. மூன்றாம் நாள் காலையில் புறங்கை முழுதும் கொப்புளம்.

சத்திரத்துக்குப் பக்கத்துக் குளக்கரையில் வெயிலில் நின்று யோசித்தேன். வெயில் சுட்டால் நாமே நிழலுக்கு நகர்ந்துவிடுவோம். எருமைக்குக்கூட அது தெரியும். இந்த விளக்கோ சூடு காட்டாமல் சுடுகிறது. எப்போது கையை இழுப்பது என்று உடம்புக்குத் தெரிவதில்லை. பொட்டியில் அடைத்தவர்கள் சூரியனை அடைத்தார்கள், அதன் எச்சரிக்கையை வெளியே விட்டுவிட்டார்கள்.

டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "நீங்க பூசுனதுதாங்க காரணம்" என்றார்.

"அதத்தானுங்க அன்னைக்கே சொன்னேன்!"

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, சண்ட போதும். இவருகிட்ட கத்துனா கொப்புளம் அமுந்துருமாக்கும்? பஸ்ஸுக்கு நேரமாச்சு."

திரும்பும்போது சாய்ந்த வெயில் படாத வலப்பக்கம் உட்கார்ந்து, ஈரத்துணியால் கையை மூடிக்கொண்டாள். வழியில் பஸ்காரர், "அம்மணி, கையில என்னாச்சுங்க?" என்று கேட்டார். "சம்பந்தியம்மாவுக்குப் புடிச்ச கலரு சாயம் போடப் போனனுங்க. கொஞ்சம் வெந்துபோச்சு" என்றாள். பஸ்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கின் மேலிருந்த கோபம் அதோடு சம்பந்தி வீட்டின் மேல் இடம் மாறிவிட்டது.

ஆகவே சொல்கிறேன். போகிறவர்கள் தோலில் பூசியதைக் கழுவி, சில நாள் விட்டுப் போக வேண்டும். விளக்கு வைத்திருப்பவர்கள் முதலில் என்ன பூசினாய் என்று கேட்க வேண்டும். கண்ணாடியை நோயாளிக்கும் மாட்ட வேண்டும். முதல் நாள் சிறிது நேரம்தான் காட்ட வேண்டும். டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து அவளிடம் தன் தவறு என்று சொல்ல வேண்டும். சம்பந்தி வீட்டார் எங்கள் பந்தியில் உட்கார வேண்டும். முதல் இலைக்குச் சோறு அவள்தான் போடுவாள், வெள்ளையோ சிவப்போ அந்தக் கையால்தான். பிடிக்காதவர் இலையை மூடிவிட்டு எழுந்து போகலாம். வழியனுப்ப நான் வாசலில் நிற்பேன்.