வேலை கிடைத்தவர்களின் பட்டியல்

பாப்பாரப்பட்டியில் ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் பயிற்சி மையம். வேலையில்லாதவர்களுக்கு இலவசமாகத் தொழில் கற்றுக்கொடுத்து, வேலையும் வாங்கித் தருவதாகச் சொன்ன அரசுத் திட்டம் அது. ஒப்பந்தம் எடுத்து நடத்தியது ஒரு தனியார் நிறுவனம். நான் அதில் பயிற்றுநர். நான் நடத்திய பாடத்துக்கு 'வாடிக்கையாளர் சேவை' என்று பெயர். வருகிறவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். இதை மூன்று மாதம் நடத்தினேன். மூன்று நாள் சரக்கை மூன்று மாதத்துக்கு இழுக்கும் திறமை எனக்குத்தான் வளர்ந்தது.

வகுப்பில் எல்லோரும் 'அக்கா' என்று கூப்பிட்ட ஒரு பெண் இருந்தார். முப்பத்து மூன்று வயது, இரண்டு பெண் பிள்ளைகள். கணவரோடு பெங்களூரில் பத்து வருடம் கட்டட வேலை செய்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் திரும்பியவர். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு வேலை, அவ்வளவுதான் அவர் கேட்டது. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், மேஸ்திரியிடம் கன்னடம் என்று மூன்று மொழியில் சண்டை போடத் தெரிந்த அவருக்கு நான் 'தொடர்புத் திறன்' கற்றுக்கொடுத்தேன்.

சிமெண்ட் தின்று அவர் விரல்களில் ரேகையே இல்லை. வருகைப் பதிவு இயந்திரம் தினமும் அவரை மறுத்தது. பதிவு இல்லையென்றால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்பதால், மேலாளர் தன் கைக்குட்டையாலேயே அவர் விரலைத் துடைத்து அழுத்தவைப்பார். அந்த மாடியில் யாராவது அவ்வளவு அக்கறையாக எதையாவது செய்து நான் பார்த்தது அது ஒன்றைத்தான். விரல் பதிந்த பிறகு அந்தப் பெண் வகுப்பில் உட்கார்ந்தாரா, தூங்கினாரா என்று ஒருவரும் கேட்டதில்லை.

பயிற்சி முடிந்ததும் தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார்கள். வாழைமரம், பொன்னாடை, வளர்ச்சியைப் பற்றி இரண்டு மணி நேரப் பேச்சு. பணி ஆணையை மேடையில் வாங்கும்போது கேமராவைப் பார்க்கும்படி எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அக்காவும் வாங்கினார். ஓசூரில் ஒரு தொழிற்சாலை.

அடுத்த வாரமே ஆணையை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஓசூர் போனார். வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

"இருவத்தஞ்சு வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம் சார். கல்யாணம் ஆனவங்களையும் எடுக்க மாட்டாங்களாம். ஆஸ்டல்ல தங்கோணுமாம். இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்லீங்களா? பஸ்ஸுல போன நேரத்துக்கு ஒரு நாள் கூலி வேல பாத்திருப்பனுங்க."

மேலாளரிடம் கேட்டேன். "ஆர்டர் குடுக்கறதோட நம்ம பொறுப்பு முடிஞ்சுது சார்" என்றார். அவருக்கு வெட்கமே இல்லை. எனக்கு இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்யவில்லை. மறுநாளும் போய் அடுத்த வகுப்புக்குச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, பயிற்சி முடித்தவர்கள் வேலையில் இருக்கிறார்களா என்று பார்க்க ஒரு அதிகாரி வந்தார். எல்லோரையும் வரவழைத்து, "வேலைல இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க" என்று நான்தான் கெஞ்சினேன். மற்றவர்கள் சொன்னார்கள். அக்கா சொல்லவில்லை.

"வேல கெடைக்கலீங்க சார். புளிக்குக் கொட்ட எடுக்கறனுங்க."

"எங்க போய் எடுக்கறீங்க?"

"எங்கியும் போறதில்லீங்க. மூட்டைய வூட்டுல கொண்டாந்து போட்டுருவாங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்ப வீட்லயே தொழில் பண்றீங்க. நல்ல விஷயம்தானம்மா."

"தொழில் இல்லீங்க, கூலிங்க. புளி யாவாரியோடதுங்க."

"ஒருத்தருக்குக் கீழ இல்லாம உங்க இஷ்டப்படி பண்றீங்க இல்ல? அதுக்குப் பேரு சுயதொழில்." எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்து, பாராட்டுவதுபோல் சிரித்தார். நான் நடத்திய பாடத்தில் இருந்த அதே சிரிப்பு. புளிக் கறை படிந்த கையை முந்தானையில் துடைத்தபடி அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அது அங்கேயே முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். அடுத்த வருடம் ஏரியூரில் பெண்களுக்கென்று இன்னொரு திட்டத்தில் ஒரு தையல் கூடம் திறந்தார்கள். உண்மையிலேயே மெஷின்கள் இருந்தன, உண்மையிலேயே ஆள் எடுத்தார்கள். அக்கா விண்ணப்பித்தார். கணினியில் அவர் ஆதார் எண்ணைப் போட்டதும், ஏற்கெனவே பயிற்சி பெற்று சுயதொழில் முனைவோர் ஆனவர், தகுதியில்லை என்று வந்தது.

அன்று அவர் மாடியேறி வந்து, புது வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்க, வாசலில் நின்று கேட்டார்.

"சார், நான் மொதலாளியா?"

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நீங்க பக்கத்துல தான உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

அடுத்த திங்கட்கிழமை அவரோடு தர்மபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். அந்தப் பதிவு பொய், பயிற்றுநரான எனக்கே தெரியும் என்று என் கையெழுத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கிய ஊழியர் இரண்டு முறை படித்தார்.

"உங்க மேலேயே நீங்க புகார் குடுக்கறீங்களா சார்?"

"ஆமாங்க."

"இதுக்குத் தனியா ஒரு பிரிவு இல்லையே" என்று யோசித்தார். கடைசியில் 'இதர' என்று போட்டு ரசீது கொடுத்தார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அதாவது என் மேலாளருக்கு. அவர் உரிய நடவடிக்கையாக என்னை வேலையை விட்டு அனுப்பினார். வேலைவாய்ப்பைப் பெருக்கும் திட்டத்தில், என் கண்ணெதிரே உறுதியாக நடந்து முடிந்த ஒரே நடவடிக்கை அதுதான்.

அக்காவின் பதிவை யாரும் மாற்றவில்லை. தையல் கூடத்தில் இடங்கள் நிரம்பிவிட்டன. பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில், பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, அவரும் கணவரும் மறுபடி பெங்களூருக்குப் போனார்கள். அதே கட்டட வேலை.

நான் இப்போது மொரப்பூரில் ஒரு டுடோரியலில் பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குக் கணக்கு எடுக்கிறேன். போன மாதம் அக்கா போன் செய்தார். சின்னவளுக்குக் கணக்கு வரவில்லையாம், லீவு நாளில் அனுப்பினால் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருகிறாள். வகுத்தல் மட்டும்தான் தகராறு, மற்றதெல்லாம் நன்றாகவே போடுகிறாள்.