அது அம்மையல்ல

எனக்கு எழுபத்திரண்டு வயது முடிந்துவிட்டது. வளர்த்தது ஐந்து, பெற்றது நான்கு. அந்த ஐந்தாவது, என் ஓரகத்தியின் பெண். மூன்று வயதில் என் இடுப்புக்கு வந்தவள். இன்றைக்கும் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். இப்போது அடுப்படியில் உட்கார்ந்து மணத்தக்காளிக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் மகள் எழுதுகிறாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அது வேண்டியிருக்கும்.

ஓரகத்தி அம்மை போட்டுச் செத்தாள் என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. சின்ன மருமகள் ஆத்தாவை மதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள், அதனால் ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று அந்தக் கதைக்கு ஒரு வாலும் உண்டு. அந்தச் சின்ன மருமகள் நான். இத்தனை வருஷமாக மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு வாழைத் தோட்டம் இருந்தது. இலையும் தாரும் பாலம் தாண்டித் திருச்சி மார்க்கெட்டுக்குப் போகும். வீட்டில் மாமியார், என் வீட்டுக்காரரின் அண்ணனான மச்சாண்டார், அவர் மனைவி ஓரகத்தி, என் வீட்டுக்காரர், நான், பிள்ளைகள். நான் உப்பிலியபுரத்துப் பக்கம் காட்டு வேலை பார்த்த குடும்பம். ஓரகத்தி டவுனில் எட்டாவது வரை படித்தவள். அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். நான் புதுப் பெண்ணாக வந்த வாரமே, "மலையடிவாரத்துலேர்ந்து ஆடு மேய்க்க ஆளு புடிச்சாந்திருக்காங்க, படிப்பு வாசனையே இல்லை" என்று கிணற்றடியில் எனக்குக் கேட்கும்படி சொன்னாள். நான் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் மறக்கவில்லை.

அந்த வருஷம் தை பிறந்து பத்து நாள் இருக்கும். சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்னக்கா, சாப்பிடலையா?"

"வாய் எரியுதுடி. ரசத்துல மிளகைக் கொட்டிட்டியா?"

மிளகு எப்போதும் போடுகிற மிளகுதான். கன்னத்துக்குள் ஒரு புண். பிறகு ஈறில், பிறகு நாக்கின் அடியில். சூடு என்றார்கள். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப் பால், மாசிக்காய் உரசித் தடவுவது எல்லாம் நடந்தது. மாமியார் சிரித்தார்.

"கொஞ்சப் பேச்சா பேசுச்சு அந்த வாய்? புண்ணு வராம என்ன செய்யும்?"

மாசி வந்தது. புண் ஆறவில்லை. ஒருநாள் வெளிச்சத்தில் வாயைத் திறந்து காட்டினாள். உள்கன்னம் முழுக்கத் தோலுரிந்து, பச்சைச் சதையாகக் கிடந்தது. காலையில் தலையணை உறையில் எச்சிலோடு ரத்தக் கறை இருந்தது. பேச்சு குறைந்து, கடைசியில் சைகையாகிவிட்டது. வீடு அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

பங்குனியில் அவள் முதுகில் கொப்புளம் கண்டது. ஊரில் அம்மைக் காலம். சமயபுரத்தாளுக்கு விரத மாசம். மாமியார் பார்த்த உடனே கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா வந்துட்டா." அவ்வளவுதான். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார்கள். தாளிப்பு நின்றது. வெளியாள் உள்ளே வரக் கூடாது, மருந்து என்ற பேச்சே கூடாது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் புருஷன் அந்த அறைக்குள் நுழையக் கூடாது. மச்சாண்டார் ரேழியில் நின்று, "எப்படி இருக்கா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். அவள் உடம்பைப் பார்த்தது மாமியாரும் நானும்தான். மாமியாருக்குக் கண்பார்வை மங்கல். ஆக, பார்த்தது நான் ஒருத்தி.

எனக்கு அம்மை புதிதல்ல. ஊரில் என் தம்பி தங்கைகளுக்கு நான்தான் வேப்பிலை வீசியவள். முதலில் இரண்டு நாள் காய்ச்சல் அனலாக அடிக்கும், அப்புறம்தான் முத்து போடும். பத்து நாளில் பொருக்கு கட்டி உதிரும். இவள் உடம்பு தொட்டால் சில்லென்று இருந்தது. கொப்புளம் பொருக்கு கட்டவில்லை. உடைந்தது, உடைந்த இடம் அப்படியே அகன்றது. பாய் ஒட்டுகிறதென்று தோட்டத்திலிருந்து குருத்து இலை வரவழைத்து அதில் படுக்க வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் அவளைப் புரட்டினேன். இலையில் அவள் தோல் ஒட்டியிருந்தது. பிடித்துக்கொள்ளத் தோளில் கை வைத்தேன். காய்ச்சின பாலில் ஆடையை விரலால் ஒதுக்கினால் சுருங்குமே, அப்படித் தோல் சுருண்டு நகர்ந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"அத்தை, காய்ச்சலே இல்லையே" என்றேன்.

"வாயை மூடு. ஆத்தா காதுல விழப் போகுது."

நான் மூடிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் என் மூத்தவனின் சிலேட்டைக் காட்டி, கொண்டு வா என்று சைகை செய்தாள். குச்சியைப் பிடிக்க விரல் வலித்திருக்கும், மெதுவாக எழுதினாள். எழுதி என் பக்கம் திருப்பினாள். 'காய்ச்சல் இல்லை. இது அம்மை இல்லை. ஆஸ்பத்திரி.'

எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கவில்லை, ஒரே பார்வையில் படித்துவிட்டேன். அவள் கண் என் முகத்தைவிட்டு அசையவில்லை. எனக்குக் கிணற்றடி ஞாபகம் வந்தது.

"என்னக்கா இது? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. ஆடு மேய்க்கறவதானே நான்."

சொல்லிவிட்டுச் சிலேட்டை வாங்கி ஈரத் துணியால் துடைத்தேன். அவள் அழவில்லை. அழுதால் உப்புத் தண்ணீர் உதட்டில் இறங்கி எரியும்.

அதற்கப்புறம் ஆறு நாள். அந்த ஆறு நாளும் பணிவிடையில் நான் குறை வைக்கவில்லை. இலை மாற்றினேன், வேப்பிலை வீசினேன், இளநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அது பாதி உள்ளே போகும், பாதி ரத்தமாக வெளியே வரும். அறைக்குள் ஒரு வாடை வந்துவிட்டது. பழுத்த இலை மழையில் அழுகினால் வருமே, அந்த வாடை. அவள் குழந்தை ரேழியில் நின்று, "அம்மா" என்று கூப்பிடும். உள்ளேயிருந்து பதில் வராது. சிலேட்டை அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஆறாவது நாள் மாமியார் மாவிளக்கு போடச் சமயபுரத்துக்கு பஸ் ஏறினார். ஆண்கள் தோட்டத்தில். நான் தெருமுனைக்குப் போய்க் குதிரைவண்டி கூப்பிட்டேன். வண்டிக்காரர் வாசல் வரை வந்து, நிலையைப் பார்த்துக் கடிவாளத்தை இழுத்துவிட்டார்.

"ஆத்தா இருக்குற வீடும்மா. நான் புள்ளகுட்டிக்காரன். வண்டில ஏத்த மாட்டேன்."

"ஆத்தா இல்லைங்க. இது வேற நோவு."

"அப்ப அது எதுக்கு இருக்கு?"

நான் எக்கி, அந்த வேப்பிலைக் கொத்தைப் பிடுங்கித் தெருவில் போட்டேன். எதிர்வீட்டு அம்மாள், "அடிப் பாவி!" என்று கத்தியது பாலம் ஏறும் வரை காதில் இருந்தது. காவிரியில் மணல்தான் தெரிந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வயசானவர். பெருவிரலால் அவள் தோளில் லேசாகத் தள்ளினார். தோல் விரலோடு போயிற்று. அவர் கொப்புளங்களை அதற்குமேல் பார்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார்.

"முதல்ல வாயிலதானே வந்துச்சு?"

"ஆமாங்க."

"எப்போ?"

"தையிலங்க."

"இப்ப பங்குனி முடியப் போகுது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்புறம் நிதானமாகச் சொன்னார். "இது தோல் நோய்ம்மா, ஒட்டிக்காது. சில பேருக்கு வாயில ஆரம்பிச்சு மாசக்கணக்கா அங்கேயே இருக்கும், பிறகுதான் உடம்புக்கு இறங்கும். புதுசா மாத்திரை வந்திருக்கு, குடுக்கறேன். புண்ணுல சீழ் வெச்சிருக்கு. அதுக்குத்தான் பயப்படறேன்."

மாத்திரை கேட்டது. புதுக் கொப்புளம் நின்றது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒன்பதாம் நாள் ஒரு டம்ளர் மோர் முழுதாகக் குடித்தாள். குடித்துவிட்டு, ஒரு மாசத்துக்கப்புறம் பேசினாள்.

"அன்னைக்கே படிச்சுட்டேதானேடி?"

நான் டம்ளரைக் கழுவப் போகிற மாதிரி எழுந்தேன்.

"ஓடாதே. என் பொண்ணைப் படிக்க வை. நல்லாப் படிக்க வை. உன்னை மாதிரி தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுங்கக் கூடாது."

அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது. அத்தனை நாள் இல்லாத காய்ச்சல். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மறுநாள் விட்டு மறுநாள் போய்விட்டாள்.

மாமியார் துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் என் கையைக் காட்டினார். "இந்தக் கைதான் ஆத்தாவைப் பிடுங்கித் தெருவுல போட்டுச்சு." நான் மறுக்கவில்லை. மறுத்தால் டாக்டர் சொன்னதைச் சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னதைச் சொன்னால், முன்னாலேயே ஏன் கூட்டிப் போகவில்லை என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் சிலேட்டு வரும். பாவி என்ற பெயரே பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். அந்தப் பெண்ணை பி.ஏ. வரை படிக்க வைத்தேன். அதில் எனக்குப் பெருமைதான்.

இந்த வருஷம் ஆடியிலிருந்து அவளும் ரசத்தை ஒதுக்குகிறாள். இப்போது புரட்டாசி. கேட்டால், "சூடு சித்தி" என்கிறாள். "மணத்தக்காளி சாப்பிட்டா சரியாயிடும்." ஆஸ்பத்திரி என்றால், "எங்கம்மாவைக் கொண்டுபோனது போதாதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். நேற்று அவள் தலையணை உறையைத் துவைக்கப் போட்டிருந்தாள். நான் எடுத்துப் பார்த்தேன். அதே கறை.

எழுதியது போதும், கண்ணு. பேனாவை மூடு. எழுந்து அடுப்படி வாசலுக்குப் போ. உங்கம்மா கீரையைக் கீழே வைக்கட்டும். முதல் வரியிலிருந்து படி. சிலேட்டு வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே. சத்தமாகப் படி.