வெள்ளிக்கிழமை ஈரம்

எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பெயிலாக வேண்டும் என்று நேர்த்தி வைத்தது ஒரேயொரு முறைதான். அப்போது எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் பத்துக்கு எட்டு வாங்கிக்கொண்டு வந்தால் "மிச்சம் ரெண்டும் எங்கை?" என்று கேட்கிற அப்பா, இந்தப் பரீட்சையில் எவ்வளவு மோசமாகச் செய்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது என்று சொன்னார். பரீட்சை எனக்கில்லை. நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸில், லா சப்பலில், நகரசபைக்குச் சொந்தமான ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா என்று நாலு பேர் இருந்தோம். ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, அவ்வளவுதான் மாளிகை. கக்கூஸ் படிக்கட்டுத் திருப்பத்தில், அந்த மாடிக்காரர் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. குளியலறை என்ற சாமான் அந்தக் கட்டடத்தில் யாரிடமும் கிடையாது.

ஒருநாள் கீழ்வாசலில் ஒரு கடதாசி ஒட்டினார்கள். அதை வாசித்துச் சொல்லும் உத்தியோகம் எனக்கு. நகரசபையிலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்துப் புள்ளி போடுவாராம். கூரை, சுவர், குழாய், யன்னல், மின்சாரம் எல்லாவற்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை. சைபர் என்றால் திறம், மூன்று என்றால் உதவாது. எல்லா வீட்டுப் புள்ளிகளையும் கூட்டி, அது ஒரு அளவைத் தாண்டினால் கட்டடம் மனிதர் இருக்க லாயக்கில்லை என்று முடிவாகும். பிறகென்ன, எல்லோருக்கும் புறநகரில் புதிய அரசாங்க அடுக்குமாடி வீடு. தாண்டாவிட்டால் சுவரில் கொஞ்சம் சாந்தைப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. குடியிருப்பவர்கள் தாங்களே பழுதாக்கிய இடங்களுக்குப் புள்ளி இல்லை, அவர்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டியும் வரலாம். அதை நான் வாசித்ததும் அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார்.

பார்க்காமல் என்ன செய்வார்? அம்மாவின் வெள்ளிக்கிழமை முழுக்கு அப்படிப்பட்டது. அப்பாவும் மாமாவும் சனிக்கிழமைகளில் துவாயைச் சுருட்டிக்கொண்டு தெருமுனையிலிருந்த பொதுக் குளியலறைக்குப் போய்வருவார்கள். அம்மாவும் ஒருமுறை போனார். தலையில் சீயாக்காயைத் தேய்த்துக்கொண்டு நிற்கையில், நேரம் முடிந்துவிட்டதென்று அங்கிருந்த மனிசி கதவில் இடித்திருக்கிறாள். அரைகுறைத் தலையோடு வீட்டுக்கு வந்து, "உதென்ன முழுக்கு? மழையிலை நனைஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றார். அதோடு சரி. தண்ணீரை வாளியால் அள்ளித் தலையில் கவிழ்க்காவிட்டால் அம்மாவுக்கு அது முழுக்கில்லை.

ஆகவே குசினிக்குள்ளேயே அம்மா முழுகினார். பெரிய பிளாஸ்டிக் பேசினுக்குள் நின்றுகொள்வார். பேசினைச் சுற்றி மாமா பழைய சேலைகளை முறுக்கி ஒரு அணை கட்டியிருந்தார். பெரிய எஞ்சினியர் என்ற நினைப்பு அவருக்கு. முதல் வாளி அணைக்குள் நிற்கும். இரண்டாவதும் நிற்கும். மூன்றாம் வாளிக்கு அணை உடையும். உடைந்த உடனே கீழ்வீட்டிலிருந்து டக், டக், டக் என்று மூன்று இடி விழும்.

அப்படி இடிப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் தும்புத்தடி முசியே. விளக்குமாற்றை எங்கள் ஊரில் தும்புத்தடி என்போம்; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அதன் பிடியால்தான் தன் முகட்டில், அதாவது எங்கள் நிலத்தின் அடிப்பக்கத்தில், இடிப்பார். ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர், தனிக்கட்டை. முழங்கால் இரண்டும் சரியில்லை. அவருடைய குசினி யன்னலுக்கு நேரே கார் து நோர் ஸ்டேசனுக்குப் போகும் தண்டவாளங்கள் கிடந்தன. யன்னலோரத்தில் ஒரு கதிரை போட்டு, சட்டைப்பையிலிருந்து சங்கிலி மணிக்கூட்டை எடுத்துப் பார்த்து, "ரெண்டு நிமிசம் பிந்தி!" என்று போகிற ரயிலை ஏசிப் பேசிக்கொண்டிருப்பார். ரயில் இல்லாத நேரத்தில் படியில் கண்டால் எங்களைப் பேசுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தண்ணீர் நேரே அவருடைய சூப்புக் கோப்பைக்குள் சொட்டிவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் அம்மா நடுங்கிப்போய், என்னிடம் ஒரு கோப்பையில் உளுந்து வடை கொடுத்துவிட்டார். மனிசன் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் கோப்பையைக் கழுவி வெறுமையாக நீட்டினார். "என்ன சாதி மனிசன், வெறுங்கோப்பையைத் தந்துவிட்டிருக்கிறான்" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். நான் சும்மா இருப்பேனா? எங்கள் ஆட்கள் வெறுங்கோப்பை திருப்பிக் கொடுக்க மாட்டார்கள் என்று அடுத்த முறை அவருக்கே சொல்லிவிட்டேன். அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப்பையைத் துழாவி, தேநீர்க்கடையில் தருகிற கடதாசி சுற்றிய சீனிக்கட்டி இரண்டை எடுத்துக் கோப்பையில் வைத்தார். அதிலிருந்து எங்கள் வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. முதலில் தும்புத்தடி, பிறகு வடை, பிறகு சீனி.

கடதாசி ஒட்டிய கிழமை, அவர் கட்டடக் காவல்காரியிடம் படிக்கட்டே அதிரக் கத்திக்கொண்டிருந்தார். தனக்குப் புதிய வீடும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாமாம். முப்பது வருடமாக அந்த யன்னலில் இருக்கிறாராம். தன்னை இங்கிருந்து யாராவது தூக்கிக்கொண்டுதான் போக வேண்டுமாம். முழங்கால் நோகிறபடியால்தான் தூக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். புது வீட்டில் லிப்ட் இருக்கும், அவருடைய பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீடு பார்க்க வருவதற்கு முதல்நாள் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. மாமா ஒரு சட்டி தண்ணீரோடு சுவரில் ஊற்றத் தயாராக நின்றார். "அக்கா, வீட்டைக் கொஞ்சம் ஊத்தையாக் கிடக்க விடுங்கோ, புள்ளி கூடும்" என்று கெஞ்சினார். அம்மா சட்டியைப் பறித்தார்.

"விசர்க்கதை கதையாதை. அந்நிய மனிசன் வீட்டுக்கு வரேக்கை ஊத்தையாக் காட்டுறதோ? என்ரை மானம் போகும்."

அன்றிரவு அம்மா நிலத்தைத் தேய்த்தார், அடுப்பைத் தேய்த்தார், என்னையும் தேய்த்தார். யன்னலுக்குத் தோய்த்த சீலை போட்டார். முகட்டிலிருந்து இறங்கிய பெரிய வெடிப்பின்மேல் முருகன் கலண்டரைக் கொழுவினார். அந்த வெடிப்பு ஒன்றுக்கே மூன்று புள்ளி உறுதி என்று அப்பா இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

வந்தவர் நெடுத்த, மெலிந்த மனிதர். கையில் ஒரு படிவம், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு டோர்ச் லைட். அம்மா அவருடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில் அவருக்கு விளங்கி, கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காலுறையில் பெருவிரல் தெரிந்தது. அதைக் கண்டதும் அம்மாவுக்கு இரக்கம் பொங்கி, தேத்தண்ணி போடப் போய்விட்டார். அவர் சுவர்களைச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். முருகனுக்குக் கிட்டப் போய், சாமிப் படமென்று கண்டு, மரியாதையாகத் திரும்பிவிட்டார். வெடிப்பு தப்பியது. "மிகவும் துப்புரவான வீடு" என்று என்னிடம் சொன்னார். நான் அதை மொழிபெயர்த்ததும் அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

அடுத்து, நீங்கள் எங்கே குளிப்பீர்கள் என்று கேட்டார். பொதுக் குளியலறையில் என்று சொல்லச் சொன்னார் அப்பா. பொய் சொல்லக்கூடாது என்று எங்கள் ரீச்சர் சொல்லியிருந்தார். ஆகவே அப்பா சனிக்கிழமை போவார் என்று சொன்னேன். அப்போ அம்மா? நான் கொஞ்சம் யோசித்து, அம்மா எப்போதும் சுத்தமாகத்தான் இருப்பா என்றேன். அவர் சிரிக்கவில்லை. குந்தியிருந்து, குசினி மூலையில் உப்பிக் கிடந்த நிலவிரிப்பை விரலால் அமத்தினார். "ம்ம்" என்றார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கீழ்வீட்டுக்கு இறங்கினார்.

"எல்லாம் என்னாலைதான்" என்று அம்மா அடுப்படியில் குந்திவிட்டார். கண் கலங்கியிருந்தது. அகதி விசா கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இதையும் இழந்தால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பது? அப்பா அவரை ஏசவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"பிள்ளை, கெதியா ஓடு. உந்த மனிசன் எங்களைப் பற்றி என்ன சொல்லுது எண்டு கேட்டுக்கொண்டு வா."

நான் கீழே போய்க் கதவு நிலையில் நின்றேன். இரண்டு பேரும் குசினியில் அண்ணாந்து நின்றார்கள். முகட்டில், அம்மாவின் பேசினுக்குச் சரி நேரே, பழுப்பும் கறுப்புமாக ஒரு பெரிய ஈரம் படர்ந்திருந்தது. ஓரத்தில் பூஞ்சணம்கூட. அவர்கள் பிரெஞ்சில் கதைத்ததை நான் எங்கள் தமிழிலேயே சொல்கிறேன்.

"உது மேல்வீட்டுக்காரர் ஊத்துற தண்ணிதானே?" என்று வந்தவர் கேட்டார்.

முசியே திரும்பி என்னைப் பார்த்தார். வழக்கமான அதே முறைப்பு.

"இல்லை. சுவருக்குள்ளை இருக்கிற குழாய். மேல்வீட்டாக்கள் வர முன்னமே பழுது."

வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் தும்புத்தடியால் இடிப்பதாகக் காவல்காரி சொன்னாளே என்று அவர் விடவில்லை. தான் சிலந்தி வலை அடிப்பதாக முசியே சொன்னார். வெள்ளிக்கிழமையில் மட்டுமா என்று கேட்டதற்கு, தான் ஒழுங்கான மனிதன், எல்லாவற்றுக்கும் நேரம் வைத்திருப்பவன் என்றார்.

அடேயப்பா! எங்களுக்கு உபதேசம் செய்கிற மனிசன், கூசாமல் இப்படிப் பொய் சொல்கிறாரே! எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லை முசியே, அது..." என்று வாயைத் திறந்தேன். அவர் நொண்டிக்கொண்டு இரண்டு எட்டில் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சீனிக்கட்டியை எடுத்து என் வாய்க்குள் வைத்துவிட்டார். சீனியை வைத்துக்கொண்டு யார் உண்மை பேசுவது? நான் சூப்பிக்கொண்டு நின்றேன்.

வந்தவர் படிவத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். பார்க்க வேண்டிய கடைசி வீடு இதுதானாம். குழாய்ப் பழுதென்று எழுதினால் அதற்கு மூன்று புள்ளி போட வேண்டும், அதோடு கட்டடம் அளவைத் தாண்டிவிடும் என்றார். "அப்ப நீங்களும்தான் போகவேண்டி வரும் முசியே. யோசிச்சுச் சொல்லுங்கோ."

யன்னலுக்கு வெளியே ஒரு ரயில் போயிற்று. முசியே மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். பிந்தியா முந்தியா என்று ஒன்றும் சொல்லவில்லை. மூடிப் பைக்குள் வைத்தார்.

"எழுதுங்கோ" என்றார்.

நான் ஒரே பாய்ச்சலில் மேலே ஓடி, ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். மாமா, "பெயில்! பெயில்!" என்று கத்திக்கொண்டு குசினிக்குள் ஆடினார். அம்மா மட்டும், "அந்த மனிசனும் போகோணும் எண்டு சொன்னவரோ? அதுக்குப் பிறகோ எழுதச் சொன்னது?" என்று என்னை இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன். "பாவம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. லிப்ட் கிடைக்கப்போகிற மனிசனுக்கு என்ன பாவம்? அம்மா உடனே உளுந்தை ஊறப் போட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை.

சில மாதங்களில் எல்லோருக்கும் கடிதம் வந்தது. எங்களுக்கு கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரில் இரண்டு அறை வீடு. முசியேவுக்கு வேறொரு புறநகரான ஆர்ஜொந்தெயில், ஆறாம் மாடியில். யன்னலால் பார்த்தால் கார் நிறுத்துகிற இடம்தான் தெரியும் என்று காவல்காரி சொன்னாள். சாமான் ஏற்றுகிற நாளில் அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அவரை யாரும் தூக்கவில்லை. நான் ஓடிப்போய், "இனி முழங்கால் நோகாது முசியே, லிப்ட் இருக்கு!" என்றேன். "ஓம், லிப்ட் இருக்கு" என்று சொல்லி என் தலையைத் தடவினார். அம்மா அவரைக் கைகூப்பிக் கும்பிட்டார். கும்பிட்டால் திருப்பி என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

புது வீட்டில் குளியலறை இருந்தது. கதவு இருந்தது, வெள்ளைத் தொட்டி இருந்தது, திருகினால் சுடுதண்ணீர் வந்தது. எங்களுக்கு இருந்த சந்தோசப் புளுகத்தைச் சொல்லி வேலையில்லை. மாமா முதல் கிழமையே மூன்று தரம் குளித்துத் தடிமன் பிடித்துத் தும்மிக்கொண்டு திரிந்தார். அம்மாவோ, எதை மாற்றினாலும் வாளியை மாற்றமாட்டேன் என்று அதைத் தொட்டிக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

முதல் வெள்ளிக்கிழமை. நான் துவாயோடு வாசலில் நின்றேன். முதல் வாளியைக் கவிழ்த்தார். இரண்டாவதைக் கவிழ்த்தார். மூன்றாவதையும் கவிழ்த்துவிட்டு, நாலாவதை அள்ளாமல் அப்படியே நின்றார். தலைமயிர் முகத்தில் ஒட்டிக் கிடக்க, வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு நிலத்தையே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"என்னம்மா, தண்ணி கீழை போகுதோ?"

"இல்லை மோனை" என்றார். "ஒரு சத்தத்தையும் காணேல்லை."

தண்ணீர் ஒழுகுகிறதா என்பதைக் கண்ணால் பார்க்காமல், இந்த அம்மா ஏன் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.