குப்பையில் வைத்த கடிதம்

சிவப்பு எழுத்தில் ஒரு வரி: ‘உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது.’ திண்டுக்கல்லில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த தோல் கம்பெனியில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். தோல் பதனிடும் மூன்று ஷாப்பும் சென்னையில் ஓர் ஆபீசும் உள்ள பெரிய கம்பெனி. அதன் மெயில் மட்டும் எப்போதோ யாரோ மாட்டிவிட்டுப் போன பழைய சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்குக் கொஞ்சூண்டு இடம். அது நிரம்பினால் புது மெயில் உள்ளே வராது. இதையெல்லாம் புது மெயிலுக்கு மாற்றுவதுதான் எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை. நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஆபீஸ் படி ஏறும்போதே, இன்றைக்கு எதைக் கெடுக்கப் போகிறோமோ என்றுதான் நினைப்பேன்.

ஏற்றுமதி மேனேஜர் இல்லாவிட்டால் சேர்ந்த மாதமே ஓடிப்போயிருப்பேன். கம்பெனியில் பாதிப் பேர் பாய்தான் என்றாலும், பாய் என்று சும்மா சொன்னால் அது அவர்தான். சாயம் போட்ட தோல் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். நோன்பு மாதத்தில் எனக்கென்று ஒரு தூக்குவாளியில் கஞ்சி எடுத்து வைத்து, “சூடு ஆறதுக்குள்ள வீட்டுக்குக் கொண்டு போம்மா” என்பார். அந்த வயதில் யார் என்னிடம் கத்தாமல் பேசினாலும் அவர் எனக்குத் தெய்வம்தான்.

கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பெட்டிகளை மாற்ற அதைவிட நல்ல நாள் கிடைக்காது. சுமையைக் குறைக்க, அழித்த மெயில்கள் கிடக்கும் குப்பைப் பெட்டியை எல்லோருக்கும் காலிசெய்துவிட்டு ஆரம்பித்தேன். வீட்டை மாற்றும்போது யாராவது குப்பையையும் வண்டியில் ஏற்றுவார்களா? தனியாக உட்கார்ந்து முழு நாளும் வேலை பார்த்து முடித்தபோது, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் ஏற்றுமதிப் பிரிவிலிருந்து, “ஏலே, எல்லாம் போயிருச்சுடா!” என்று ஒரு கூச்சல். பழைய சர்வர் குப்பைப் பெட்டியை மட்டும் அளவில் சேர்க்காதாம். அதனால் அந்தப் பிரிவுக்காரர்கள் முக்கியமான கடிதம் வந்தாலே குப்பையில் தள்ளிவிடுவார்களாம், அங்கே எவ்வளவு வைத்தாலும் நிரம்பாது என்று. அவர்கள் பாஷையில் “குப்பையில போடு” என்றால் பத்திரமாக வை என்று அர்த்தம். ஆறு மாதமாக அதே மாடியில் இருந்த எனக்கு அது தெரியாது. புது மெயிலில் ஏதோ கோளாறு, பார்க்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பொல்லாத நேரம் தனியாக வராது. அன்று மத்தியானமே வெளிநாட்டிலிருந்து தகவல்: போய்ச் சேர்ந்த தோலின் நிறம் சரியில்லை, எங்களுக்கு வேண்டாம். மாதிரித் துண்டைக் காட்டி நிறத்துக்கு ஒப்புதல் வாங்கித் தரும் ஏஜெண்ட் அங்கே வேலையை விட்டுப் போய்விட்டான். அவன் சரி என்று எழுதியிருந்தால் அதைக் காட்டுங்கள் என்கிறார்கள். முதலாளி ஹாஜியார் பாயையும் என்னையும் கூப்பிட்டார். “மெயில் வந்துச்சு ஹாஜியார். இந்த மாத்தத்துல போயிருச்சு” என்றார் பாய். “காட்ட முடியலைன்னா நீங்களா ஏத்தி விட்டீங்கன்னுதான் அர்த்தம். அப்புறம் அந்த நாற்காலியில நீங்க எப்படி உக்கார முடியும்?” என்று கேட்டார் ஹாஜியார். நான் சுவரோடு சுவராக நின்றேன். என் ஒரு விரல் அழுத்தியதற்கு இருபது வருட மனிதர் வெளியே போகப் போகிறார். நான் வாயைத் திறந்தால் நான் போவேன். திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாய் கண்ணில் படாமல் சுற்றினேன். திங்கட்கிழமை பாயின் மேசை முன்னால் நின்று, குப்பையைக் காலிசெய்தது நான்தான் என்று அழுதுவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. “விடும்மா. குப்பையில வச்சது எங்க தப்பு. எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்.” அந்தப் பெருந்தன்மை என்னை உலுக்கியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: பழைய சர்வர் வாராவாரம் தன்னையே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளும். சொன்னேன். அவர் டீ கிளாசைப் பட்டென்று கீழே வைத்ததில் டீ மேசையில் சிந்தியது. “வேணாம்மா. போனது போகட்டும். நீ இம்புட்டு சிரமப்பட வேணாம்” என்றார். எனக்காகத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் அந்த நகலிலிருந்து கடிதத்தை எடுத்துவிட்டேன். ஏஜெண்ட் பெயர், ஆர்டர் எண், எல்லாம் சரியாக இருந்தது. பிரிண்ட் எடுத்த கையோடு ஓட்டமும் நடையுமாக ஹாஜியார் அறைக்குப் போய் நீட்டினேன். பாய் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். பாயைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஹாஜியார் நிதானமாகப் படித்துத் தமிழில் சொன்னார். “நிறம் ஒரு படி கூடுதலா இருக்கு. மாத்தி வேற துண்டு அனுப்புங்க. நாங்க சரின்னு சொல்ற வரைக்கும் கப்பல்ல ஏத்தாதீங்க.”

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். மூன்று நாளாக நான் என் பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் பாய் அந்தக் கடிதத்தைச் சரியாகப் படிக்காமல் விட்டாரா, படித்துவிட்டுத்தான் ஏற்றினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பாய் என்னைப் பார்க்காமல் ஹாஜியாரிடம், “அந்தப் புள்ள குப்பைய அழிச்சதுக்கு ஒண்ணும் சொல்லிராதீங்க. அதுக்குத் தெரியாது” என்று மட்டும் சொன்னார். மாதக் கடைசியில் அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். எனக்குக் கிடைத்தது பாராட்டு.

இப்போது நான் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கே பொறுப்பு. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பாய் எதிரே வந்தார். ஒளிய இடம் இல்லை. நான் வேண்டாம் என்றேனே, ஏனம்மா எடுத்தாய் என்று கேட்டுவிடுவார் என்று பயந்தேன். “வேலையெல்லாம் நல்லாப் போகுதாம்மா?” என்றார். “நல்லாப் போகுது பாய்” என்றேன். செத்த நேரம் நின்று சிரித்தார். அடுத்து வாயெடுப்பதற்குள், எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன்.