கறுப்புக் கரையிட்ட கவிதை

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் டொக்டர் ஐயா பிரித்த அந்தக் கடிதத்தின் நான்கு ஓரங்களிலும் கறுப்பு மை தடவியிருந்தது. நின்றபடியே படித்தார். முகம் வெளிறிப்போனது. அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையில் யாருக்கோ விரல் நசுங்கிவிட்டதென்று ஆள் ஓடிவர, தாளை மேசையில் போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அங்கே மருத்துவிச்சி; எல்லோருக்கும் ‘மிஸி’. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

ஐயா வியன்னாவில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தப்பி வந்துவிட்டார்; தாயால் வர முடியவில்லை. அந்த அம்மாவை நாஜி முகாமொன்றில் கொன்றுவிட்டார்கள். ஐயா வாலிபத்தில் ஜெர்மன் மொழியில் கவிதை எழுதியவர். வியன்னாவிலேயே அவருக்கொரு தோழி இருந்தார். அவரும் யூதர், சுவீடனுக்குத் தப்பியவர். ஒருவர் கவிதை அனுப்பினால் மற்றவர் கவிதையாலேயே பதில் எழுதுவது இருவரின் வழக்கம். போருக்குப் பின் தோழி மட்டும்தான் கவிதை அனுப்பிக்கொண்டிருந்தார். இவர் ஆங்கிலத்தில் நான்கு வரி நலம் விசாரிப்பதோடு சரி. ஒரு பிரசவத்துக்காகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் காத்திருந்தபோது காரணம் கேட்டேன். சும்மா இருக்க எனக்கு எப்போதுமே தெரியாது.

“எங்கம்மாவக் கொல்லச் சொல்லி உத்தரவு போட்டதும் அந்தப் பாஷையிலதான் மிஸி. அதுல நான் என்ன பாட்டு எழுதுறது?” என்றார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். “தோழி இன்னும் ஒரு பாட்டுதான் அனுப்புவாங்களாம். அதுக்கும் நான் பாட்டாலயே பதில் போடாட்டி இனி எழுத மாட்டாங்களாம்.”

“அம்மா தாலாட்டுனதும் அதே பாஷைதானுங்களே?” என்று கேட்டேன். இருந்த ஒரே தோழியையும் இந்த மனுஷன் இழக்கப்போகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

எங்கள் சனங்களுக்குள் சாவுச் செய்தி எழுதும் தாளில்தான் கறுப்புத் தடவுவார்கள். படித்த கையோடு கிழித்து வெளியே எறிந்துவிட்டுத் தலை முழுக வேண்டும். வீட்டுக்குள் வைத்திருந்தால் இன்னொரு சாவைக் கூட்டிவரும் என்று பயம். வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? ஐயா திரும்புமுன் முந்திரிக்கொட்டை மாதிரி நானே அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்து ஓடையில் விட்டேன். அவர் குளிக்கச் சுடுதண்ணீரும் வைத்தேன்.

திரும்பி வந்தவர் மேசையைத் துழாவினார்.

“கிழிச்சுப்புட்டேங்க ஐயா. சாவுக் கடிதத்த வச்சிருக்கக் கூடாது. தண்ணி வச்சிருக்கேன், தல முழுகுங்க.”

“மிஸி, அது பாட்டு. அவங்க அனுப்புன கடைசிப் பாட்டு.”

“அப்ப கறுப்பு? யாருங்க செத்தது?”

“எங்கம்மாவுக்காகப் பாடியிருந்தாங்க. எங்க பக்கமும் சாவுக் கடிதத்துக்குக் கறுப்புக் கரைதான்.” நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அம்மா செத்தாங்கன்னு யாரும் எனக்கு ஒரு கடிதம் போடல மிஸி. நாள் தெரியாது, எடம் தெரியாது. இதுதான் மொதல் கடிதம்.”

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் எழுந்து, தண்ணீர் எந்தப் பக்கம் என்று கேட்டார். குளியலறைக்குள் நெடுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நடுவில் அழுகையும் கேட்டது. நான் நகரவில்லை.

ஈரத் தலையோடு வந்து தாள் எடுத்தார். கிழிந்துபோன கவிதையை நினைவிலிருந்து எழுதினார். மறந்துபோன இடங்களில் தன் வரிகளைப் போட்டார். அத்தனையும் ஜெர்மனில். கீழே என் குற்றத்தையும் எங்கள் சனங்களின் வழக்கத்தையும் விவரமாக எழுதி, மறுநாள் தபாலில் சேர்த்தார்.

இப்போது சாவுச் செய்தி கைப்பேசியில் வருகிறது. அதைக் கிழிக்கவும் முடியாது, கிழித்துவிட்டு மாட்டிக்கொள்ளவும் முடியாது. அன்று செய்ததற்காக வருந்துகிறேனா என்று மகள் கேட்டாள். கிடையாது. இன்னொரு தரம் வந்தாலும் கிழிப்பேன்.

அன்று ஐயா அனுப்பியதற்குச் சில வாரங்களில் சுவீடனிலிருந்து பதில் வந்தது. ஐயா முதலில் தனக்குள் படித்துவிட்டு, பிறகு எனக்காகத் தமிழில் சொன்னார்:

“என் அம்மா செத்ததற்கும் யாரும் கடிதம் போடவில்லை. நீ ஒன்று எழுது. படித்ததும் கிழித்துவிடுகிறேன்.”